பேர் சொல்லிக் கூப்பிட்டவன்

அந்தப் பையை மடியிலயே வெச்சுக்க அம்முணி. மேல வெச்சீன்னா வண்டி ஒரு குலுக்கு குலுக்கும்போது கீழ உளுந்துரும். எனக்கு ஒருக்கா அப்படித்தான், சுட்டு எடுத்துட்டுப் போன முறுக்கெல்லாம் நொறுங்கித் தூளாப் போச்சு. ஜன்னலோரம் நீயே உக்காரு. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான்.

கோயமுத்தூருக்கா? ஆஸ்பத்திரில வேலையா. நல்ல வேலைதான், நாலு பேருக்குப் புண்ணியம். சொந்த ஊரு எது? அட, தெரியுமே. அந்த ஊர்ல கோயலுக்கு எந்தப் பக்கம், இக்கட்டயா, அக்கட்டயா? செரி, சொல்லாட்டிப் போ. நான் ஒண்ணும் தப்பாக் கேக்கலை. ஆரு வூட்டுப் புள்ளைன்னு தெரிஞ்சா பேச ஒரு தோதா இருக்கும், அவ்வளவுதான்.

நான் செயிலுக்குப் போறேன். பயப்படாத, என்ற பையன் உள்ள இருக்கறான். மாசத்துக்கு ஒருக்கா போயி மனுப் போடுவேன். மனுப் போட்டா உள்ள இருக்கறவனைக் கூட்டிட்டு வந்து கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிறுத்துவாங்க. இந்தப் பக்கம் நின்னு நாம பேசிக்கலாம். அவன் வந்தாத்தான் பேசறது. அது கெடக்குது, சொல்றேன்.

என்ன கேஸுன்னு கேக்க மாட்டேங்கறயே. அல்லாரும் மொதல்ல அதைத்தான் கேப்பாங்க. கொலைக் கேஸுதான். ஆனா கொலைன்னு ஜட்ஜே சொல்லலை. கொல்லோணும்னு அடிக்கலை, அடிச்ச அடியில செத்துப்போனான், அப்படின்னுதான் தீர்ப்புல படிச்சாங்க. அதுக்கு என்ன தண்டனை? அஞ்சு வருசமோ ஏழு வருசமோ போடுவாங்களாம். வக்கீலே சொன்னாரு. ஆனா என்ற பையனுக்கு ஆயுள். ஏன்னு கேளு. பி.சி.ஆர். அதான் அம்முணி, ஜாதி கேஸு. அடிச்சது ஒரு குத்தமாம், எதுக்காக அடிச்சான்ங்கறது அதுக்கு மேல இன்னொரு குத்தமாம்.

எங்கூருக்குப் பக்கத்துல குப்பணன்னு ஒருத்தன். சாராயக் கடையில சொந்தப் பங்காளியவே பாட்டலால அடிச்சான். அவனும் அடிச்ச அடியில செத்தான். குப்பணனுக்கு ஏழு வருசம். அதுவும் முழுசா இருக்கலை, வெளிய வந்து டிராக்டர் ஓட்டிட்டு இருக்கறான். போன பொங்கலுக்கு எனக்கே வந்து கும்புடு போட்டான். அவனும் ஒருத்தனை அடிச்சான், என்ற பையனும் ஒருத்தனை அடிச்சான். அங்கயும் ஒருத்தன் செத்தான், இங்கயும் ஒருத்தன் செத்தான். செத்தவன் அல்லாரும் ஒண்ணுதானே? மனசுக்குள்ள பூந்து பாத்துத் தண்டனை குடுக்கறதுன்னா, அதுக்கு சாமிதான் வரோணும். மனுசன் ஆரு பாக்கறதுக்கு?

இதை நான் கேக்காத ஆளில்லை. கேட்டா அல்லாரும் தலைய ஆட்டறாங்க. ஆட்டிட்டுப் போயிருவாங்க.

என்ற பேரு பாவாத்தாள். இவன் பொறந்து நடக்கறதுக்குள்ள இவங்கப்பா மோட்டார் ரூம்புல கரண்டு அடிச்சுப் போயிட்டாரு. அப்பறம் நானும் இவனுந்தான். மஞ்சளும் மரவள்ளியும் போட்டு, ஆடு மாடு பண்டம் பாடியெல்லாம் ஒத்தையாளாப் பாத்து, இவனைப் படிக்க வெச்சேன். பூபதின்னு பேரு. கூப்புட்ட கொரலுக்கு வந்து நிப்பான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. குடி கெடையாது. கோழி அறுக்கறதுன்னாக்கூட அக்கட்ட போயிருவான். அவனைப் போயி ஜாதி வெறி புடிச்சவன்னு பேப்பர்ல போட்டாங்க. எங்க வூட்ல அந்த மாதிரி எல்லாம் ஆரும் கெடையாது அம்முணி. அவங்கவங்க எடத்துல அவங்கவங்க இருந்தா ஒரு வம்பும் இல்லைன்னு நெனைக்கற குடும்பம்.

செத்துப்போனவன் பேரு தினகரன். காலனிப் பையன். எங்க தோட்டத்துக்குக் களையெடுக்க வருவாளே, அந்த ரங்காளோட பையன். பூபதியோட ஒரே பள்ளிக்கூடம், ஒரே கிளாஸு. அப்பறம் ஐ.டி.ஐ. போயிட்டு வந்து மெயின் ரோட்டுல கடை வெச்சான், எரிஞ்சு போன மோட்டாருக்குக் கம்பி சுத்திக் காயல் கட்டற கடை. சுத்துப்பட்டுல எந்தக் கெணத்துல மோட்டார் போனாலும் அவன்தான் வரோணும். நான் ஒண்ணும் மறைக்க மாட்டேன், நல்ல பையன்தான். எங்க வூட்டுக்கு வந்தா வாசல்ல செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, ‘சாமி, மோட்டாரை மேல தூக்கோணும்’னு நின்னு சொல்லுவான். நானும் சோறு போட்டிருக்கேன். மரியாதைன்னா அவன்கிட்டக் கத்துக்கோணும்னு நானே நாலு பேருகிட்டச் சொல்லியிருக்கேன். நானே சொன்னவதான்.

என்ற கண்ணுக்கு முன்னால அப்படி. வெளிய எப்படின்னு எனக்குத் தெரியாது. பின்னால கோர்ட்டுல டீக்கடைக்காரரு சொல்லித்தான் தெரிஞ்சுது. ரெண்டு பேரும் கடையில உக்காந்து வாடா போடான்னு பேசிக்குவாங்களாம். ஒரே வண்டியில பவானிக்கு ஆத்துல குளிக்கப் போவாங்களாம். தெரிஞ்சிருந்தா நான் அப்பவே நிறுத்தியிருப்பேன். நிறுத்தியிருந்தா இன்னைக்கு ரெண்டு பேரும் உசுரோட, சௌக்கியமா இருந்திருப்பாங்க. அதைத்தான் நான் சொல்றது. எங்க எதை நிறுத்தோணுமோ அங்க நிறுத்தீரோணும்.

இவனுக்குப் பொண்ணு தேடினோம். எங்க பக்கம் பொண்ணு கெடைக்கறது எவ்வளவு செரமம்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். முப்பது தாண்டியும் பசங்க நிக்கறாங்க. கேரளாவுல போயிப் பொண்ணு எடுக்கறாங்க. நான் அலையாத எடமில்லை. கடைசியில காங்கயத்துப் பக்கம் ஒண்ணு அமைஞ்சுது. பொண்ணு காலேஜு முடிச்சது, நல்ல குடும்பம். அவங்க நம்ம வூடு பாக்க வந்தாங்க. பொண்ணோட அப்பா, அம்மா, தாய்மாமன், கூட இன்னும் ரெண்டு மூணு பேரு. நான் விடியக்காலம் எந்திரிச்சு, வூடெல்லாம் கழுவி உட்டு, ஒப்புட்டு சுட்டு வெச்சிருந்தேன்.

அன்னைக்குப் பாத்து மோட்டார் நின்னு போச்சு. பத்து நாளைக்கு முன்னாலதான் தினகரன் காயல் கட்டிக் குடுத்தது. மறுக்காப் புகைஞ்சு போச்சு. மஞ்சளுக்குத் தண்ணியில்லை. பூபதி அவனுக்குப் போன் போட்டான், எடுக்கலை. செரி, வந்த ஒறம்பரை போகட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னு இருந்தோம்.

அல்லாரும் உக்காந்து ஒப்புட்டு தின்னுட்டு இருக்கறாங்க. பூபதி எல போட்டுப் பரிமாறிட்டு இருக்கறான், கையெல்லாம் நெய்யி. போன் அடிக்குது. ஒரு வெரல்ல தொட்டு சவுண்டுல போட்டுட்டான். அவன்தான். வூடு பூராவும் கேக்கற மாதிரி, ‘டேய் பூபதி, வேற கெணத்துல இருந்தேன்டா, பொழுதோட வர்றேன்’ங்கறான்.

பொண்ணோட தாய்மாமன் தலைய நிமித்தினாரு. ஆரு மாப்ள, நம்ம பையனான்னு கேட்டாரு.

பூபதி வாயத் தொறக்கறதுக்குள்ள நான் சொல்லிட்டேன். இல்லீங்க, காலனிப் பையன், மோட்டார் பாக்கறவன்னு. வேற என்ன சொல்றது? நம்ம பையன்னா சொல்ல முடியும்? நாளைக்குத் தெரிஞ்சா பொய் சொல்லிப் பொண்ணு கட்டினாங்கன்னு ஆயிராதா? உள்ளதைத்தான் சொன்னேன்.

அப்பறம் அல்லாரும் எலய மடிச்சுட்டு எந்திரிச்சாங்க. காப்பி குடிச்சாங்க. பொண்ணோட அம்மா தோட்டத்தைப் பாக்கோணும்னு மொதல்ல சொன்னா, அப்பறம் வெயிலா இருக்குதுன்னுட்டா. கலந்துக்கிட்டுச் சொல்றோம்னாங்க. காரு வாசலைத் தாண்டறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது இனி வராதுன்னு. வரலை. இன்னைக்கு வரைக்கும் அவங்க கலந்துக்கிட்டே இருக்கறாங்க.

அவங்க போனதுக்கப்பறம் நான் பூபதிகிட்டப் பேசினேன். பெத்தவ பேசாம இருப்பாளா? நான் என்ன பெருசாச் சொன்னேன். உங்கொப்பன் இருந்திருந்தா இந்தக் கொரலு நம்ம வூட்டுக்குள்ள கேட்டிருக்குமான்னு கேட்டேன். அவன் என்னோட படிச்சவன்மான்னான். படிச்சா? பள்ளிக்கூடத்துல ஆடு மாடும்தான் வந்து நிக்கும்னேன். கோவத்துல சொல்றதுதானே. ஒறம்பரை முன்னால உன்னை டேய்ங்கறான், நீ நெய்க்கையோட நின்னு கேட்டுட்டு இருக்கற, இனி உனக்கு எவன் பொண்ணு குடுப்பான், நான் கண்ண மூடறதுக்குள்ள ஒரு பேரன் பேத்தியப் பாப்பனான்னு சொல்லி அழுதேன். அழுகை தானா வருது. நான் என்ன பண்றது. நீ ஆம்பளையா இருந்தா போயி ஒரு வார்த்தை கேளுன்னு சொன்னேன். ஒரு வார்த்தை கேளுன்னுதான் சொன்னேன். அடின்னு சொல்லலை. அதை நீ மனசுல வெச்சுக்கோணும். கேளுன்னுதான் சொன்னேன்.

அவன் எல எடுத்துப் போட்டான். கையக் கழுவினான். வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்.

கடையில என்ன நடந்துதுன்னு டீக்கடைக்காரரு கோர்ட்டுல சொன்னாரு. தினகரன் கீழ உக்காந்து மோட்டாரைப் பிரிச்சுட்டு இருந்தானாம். இவன் போயி நின்னதும், வாடா, பொண்ணு வூட்டுக்காரங்க போயிட்டாங்களான்னு சிரிச்சானாம். இவன், இனிமே என்னைப் பேர் சொல்லிக் கூப்புடாதேன்னு சொல்லியிருக்கறான். அவன் வெளையாட்டுன்னு நெனைச்சுட்டான் போல. பின்ன எப்படிக் கூப்புடறதுன்னு கேட்டுருக்கறான். எங்கம்மா முன்னால எப்படிக் கூப்புடுவியோ அப்படிக் கூப்புடுன்னான் இவன். அதுக்கு அவன் எந்திரிச்சும் நிக்காம, உக்காந்த வாக்குலயே, ‘உங்கம்மாவுக்காகத்தான்டா நான் சாமிங்கறது, உனக்காகவா’ன்னானாம்.

அதைச் சொல்லாம இருந்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லாம இருந்திருக்கலாம்.

பைப்பு முறுக்கற பெரிய ரிஞ்சு ஒண்ணு அங்க கெடந்திருக்குது. இவன் அதை எடுத்துத் தலையில ஒரே அடி. அதோட ஜாதியச் சொல்லி ஒரு வார்த்தையும் பேசியிருக்கறான். அந்த வார்த்தையை நான் பஸ்ஸுல சொல்ல மாட்டேன். கோர்ட்டுல அதை எத்தனை தடவை படிச்சாங்க தெரியுமா. எங்க ஊர்ல ஆத்தரம் வந்தா வாயில வர்ற வார்த்தைதான் அது. அதுக்கு ஒரு அர்த்தம்னு எடுத்துக்க முடியுமா?

இன்னொண்ணையும் கேளு. அடிச்சுப்போட்டு என்ற பையன் ஓடலை. அவனே தூக்கி, அவனே வண்டி புடிச்சு, மடியில தலைய வெச்சுட்டு, இதே ரோட்டுல இதே கோயமுத்தூருக்குக் கொண்டு போனான். வழியெல்லாம் அவன் பேரைச் சொல்லிக் கூப்புட்டுட்டே போனானாம். வண்டிக்காரரு சொன்னாரு. அவன் கண்ணு முழிக்கவே இல்லை. நாலஞ்சு நாளு மெசின்ல வெச்சிருந்தாங்க. அப்பறம் போயிட்டான். பூபதி ஆஸ்பத்திரி வாசல்லயே உக்காந்திருந்து போலீஸு வந்ததும் எந்திரிச்சுப் போனான்.

ஜாதி வெறி இருக்கறவன் மடியில போட்டுத் தூக்கிட்டுப் போவானா? நீயே சொல்லு. ஜட்ஜுக்கு இது கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

வக்கீலு சுந்தரவடிவேலுன்னு, நல்லா வாதாடக்கூடியவரு. அவரு என்ன சொன்னாருன்னா, அடிச்சதை நாம மறுக்க முடியாது, அந்த பி.சி.ஆரை மட்டும் ஒடைச்சுட்டாப் போதும். மோட்டார் தகராறு, சிநேகிதங்களுக்குள்ள சண்டை, கை ஓங்கிருச்சு, அவ்வளவுதான். அது ஒடைஞ்சுட்டா பையன் சீக்கிரம் வந்துருவான்னாரு. டீக்கடைக்காரரு சாட்சி சொன்னதுகூட நமக்கு ஒரு வகையில நல்லதுதான்னாரு. வாடா போடான்னு பழகினவங்கன்னு அவரே சொல்லிட்டாரே. அப்பறம் ஜாதி எங்க வந்துதுன்னு கேக்கலாம்னாரு. என்னையும் சாட்சிக்குக் கூப்புடறதுன்னு முடிவு பண்ணினாங்க. தினகரன் எங்க வூட்டுக்கு வந்து போவான், சோறு திம்பான், நாங்க ஒரு வித்தியாசமும் பாக்கறதில்லை. இதை மட்டும் சொல்லுங்க, மேல ஒரு வார்த்தை பேசாதீங்கன்னு பத்து தடவை சொல்லிக் குடுத்தாரு.

நானும் அப்படியேதான் சொன்னேன். ஒரு வார்த்தை பிசகலை. எங்க வக்கீலு சந்தோசமாத் தலைய ஆட்டிட்டு உக்காந்தாரு. அப்பறம் கவுருமெண்டு வக்கீலு எந்திரிச்சா. பொம்பளைப் புள்ளை. உன்னையக் காட்டிலும் ஒரு எட்டு வருசம் மூப்பு இருப்பா. மெரட்டுவாளோன்னு பாத்தேன். மெரட்டலை. அம்மான்னுதான் கூப்புட்டா. உக்காந்துட்டே பேசுங்கம்மான்னு சேர் போடச் சொன்னா.

“தினகரன் உங்க பையனை எப்படிம்மா கூப்பிடுவார்?” அப்படின்னு கேட்டா.

சாமின்னுதான் கூப்புடுவான்னேன்.

“ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சவங்க. பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாரா?”

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. டீக்கடைக்காரரு சொன்னதை வெச்சுட்டு எங்க குடும்பத்தைக் கேவலமாப் பேசறாளேன்னு. கோர்ட்டு நெறைய எங்க சனம் உக்காந்திருக்குது. நான் அவ மொகத்தை நேராப் பாத்துச் சொன்னேன்.

“அதெப்படிக் கூப்புடுவான்? எங்க வூட்ல அந்தப் பழக்கமெல்லாம் இல்லை.”

“கூப்பிட்டா என்னம்மா?”

“கூப்புட்டா ஆரு பொறுத்துக்குவாங்க? அன்னைக்கு ஒறம்பரை முன்னால அவன் பேர் சொல்லிக் கூப்புட்டதுனாலதானே இத்தனையும் வந்துது.”

அவ்வளவுதான். அதுக்கு மேல அவ ஒண்ணுமே கேக்கலை. நன்றிம்மான்னு சொல்லிட்டு உக்காந்துட்டா. டைப்படிக்கற புள்ளை ஒருக்கா நிமிந்து என்னையப் பாத்துட்டு மறுக்கா அடிச்சுது. எங்க வக்கீலு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுட்டு இருந்தாரு. பூபதி கூண்டுல தலைய குனிஞ்சுட்டு நின்னான். எனக்கு மனசு லேசா இருந்துது. உள்ளதைச் சொல்லிட்டோம், அவனுக்கு எவ்வளவு ஆத்தரம் வந்திருக்கும்னு ஜட்ஜுக்கு இனிப் புரியும்னு நெனைச்சுட்டு எறங்கினேன்.

வெளிய வந்ததும் வக்கீலு என்னைய ஒரு பார்வை பாத்துட்டு, வூட்டுக்குப் போங்கன்னுட்டாரு. அப்பறம் எங்கூடச் செரியாப் பேசினதே இல்லை. அந்தாளு அப்பவே அக்கட்ட சேந்துட்டாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம். இல்லாட்டி இவ்வளவு நல்லா நான் சாட்சி சொல்லியும் கேஸு எப்படித் தோக்கும்?

தீர்ப்பன்னைக்கு அந்தப் புள்ளை, கவுருமெண்டு வக்கீலு, நெம்ப நேரம் பேசினா. குப்பணன் கேஸு மாதிரிதானே இதுவும்னு எங்க வக்கீலு கேட்டதுக்கு அவ பதில் சொல்றா. சாராயக் கடையில ஒருத்தன் அடிபட்டா அடிபட்டவனுக்குத்தான் வலி, இவன் அடிச்ச அடி அந்தத் தெருவுல இருக்கற ஒவ்வொருத்தர் மேலயும் உளுந்த அடி, நீயும் பேர் சொல்லிக் கூப்புட்டா இதுதான்னு அத்தனை பேருக்கும் சொன்ன அடி, அதனால ரெண்டும் ஒண்ணில்லைன்னா. அந்தக் காலனில அல்லாரும் பயந்து கெடக்கறாங்கன்னு சொன்னா.

பயமாவது ஒண்ணாவது. நான் அங்கயே இருக்கறவ, எனக்குத் தெரியாதா? அதுக்கப்பறம் அந்தத் தெருப் பசங்க நெம்ப மரியாதையா இருக்கறாங்க. முந்தியெல்லாம் வண்டியில சர்ருன்னு போவானுங்க. இப்ப நம்ம வூட்டாளுக ரோட்டுல வந்தா வண்டிய ஓரங்கட்டி நிறுத்திருவானுங்க. ஒருத்தன் நம்ம பசங்களைப் பேர் சொல்லிக் கூப்புடறதில்லை. தலைய நிமித்திப் பேசறதில்லை. மரியாதையைப் போயி பயம்ங்கறாங்க. படிச்சுட்டு வந்து இப்படித்தான் பேசறாங்க.

ஜட்ஜு தீர்ப்பு படிச்சப்ப என்ற பேரும் வந்துது. பாவாத்தாள் என்ற சாட்சி தன் வாக்குமூலத்தில்னு அவரு படிக்கறாரு. நான் சொன்னதை அப்படியே படிக்கறாரு, எழுத்துக்கூடத் தப்பலை. கேக்கறப்ப ஒரு மாதிரி இருந்துது. ஆகா, நம்ம பேச்சை எடுத்துக்கிட்டாங்கன்னு நெனைச்சேன். அடுத்தாப்புல ஆயுள்ங்கறாரு.

ரங்காளும் அவ மருமவளும், அதான் தினகரன் பொண்டாட்டி, பின்னால பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. நான் பெரிய மனசு பண்ணி அவங்ககிட்டப் போனேன். ஊர்ல எத்தனை பேரு வேண்டாம்னாங்க, நான் போனேன். ரங்காத்தா, உனக்கும் பையன் போயிட்டான், எனக்கும் பையன் போயிட்டான், இனி ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு சொன்னேன். அவ என்னைய நிமிந்துகூடப் பாக்கலை. மருமவ கையப் புடிச்சு எந்திரிச்சு அக்கட்ட போயிட்டா. எங்க தோட்டத்துல இருபது வருசம் களையெடுத்தவ. நானாத் தேடிப் போயி பேசியிருக்கேன். அவ்வளவு கெருவம். கவுருமெண்டு அவளுக்கு வூடு குடுத்துருக்குது, மருமவளுக்கு ஒரு வேலை குடுத்துருக்குது. எனக்கு ஆரு என்ன குடுத்தாங்க?

இப்ப பூபதி விசயத்துக்கு வர்றேன். மெட்ராஸுல ஒரு பெரிய வக்கீலு புடிச்சிருக்கேன். ஹைக்கோர்ட்டுல அப்பீலு போட்டு அந்தப் பிரிவை எடுத்துரலாம், அது போச்சுன்னா இது வரைக்கும் உள்ள இருந்ததே போதும், பையன் வெளிய வந்துருவான்ங்கறாரு. மோட்டார் தகராறுதான், ஜாதிக்காக அடிக்கலைன்னு நின்னாப் போதுமாம். பூபதி ஒரு வக்காலத்துல கையெழுத்துப் போடோணும். ஒரே ஒரு கையெழுத்து.

அவன் போட மாட்டேங்கறான்.

மொத தடவை நான் சொன்னப்ப பாக்கலாம்னான். அடுத்த தடவை பேச்சை மாத்திட்டான். சாப்பாடு எப்படி இருக்குதுன்னா நல்லா இருக்குதுங்கறான். உள்ள என்ன வேலைன்னா தறிங்கறான். தாடி உட்டிருக்கறான். கையெழுத்துன்னா மட்டும் தரையப் பாக்கறான். ஆரோ உள்ள அவனுக்கு என்னமோ சொல்லிக் குடுத்துட்டாங்க. செயில்ல நாலு வகைச் சனமும் ஒண்ணாத்தானே கெடக்குது. ஒண்ணாப் படுத்து ஒண்ணாத் தின்னு மனசைக் கலைச்சு உட்டுட்டாங்க. கருமத்தூர் கோயலுக்குப் போயி அவனுக்குக் கயிறுகூட மந்திரிச்சுட்டு வந்தேன். உள்ள உட மாட்டேனுட்டாங்க.

போன வைகாசியில போனப்ப நான் உடலை. அழுது கேட்டேன். நான் ஒத்தையில கெடக்கறேன், தோட்டம் காஞ்சு கெடக்குது, மோட்டார் ஓட்டக்கூட ஆளில்லை, எனக்காகப் போடுடான்னேன். ஜாதிக்காக அடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னா ஆருக்கு என்ன நட்டம்? செத்தவன் திரும்பி வரப்போறானா?

அப்பத்தான் அவன் நிமிந்தான். நெம்ப நாளைக்கப்பறம் அன்னைக்குத்தான் அவன் மொகத்தை நான் முழுசாப் பாத்தேன்.

“மோட்டாருக்காக நான் அவனை அடிக்கலைம்மா”ன்னான். “மோட்டார் எத்தனையோ தடவை போயிருக்குது. நாங்க சிரிச்சுட்டேதான் மாத்தியிருக்கோம். அது மட்டும் இல்லைன்னா நான் அவன் மேல கை வெச்சிருக்கவே மாட்டேன். அது இல்லவே இல்லைன்னு சொல்லிட்டு நான் வெளிய வரோணுமா? அப்பறம் அவன் எதுக்குத்தான் செத்தான்?”

எனக்கு ஒண்ணும் புரியலை. எது மட்டும் இல்லைன்னா சாமின்னு கேட்டேன். நெசமாப் புரியாமத்தான் கேட்டேன்.

அவன் கம்பி வலையப் புடிச்சுட்டு என்னையவே பாத்துட்டு நின்னான். திட்டியிருந்தாலும் பரவாயில்லை. கோவமும் இல்லை அந்த மொகத்துல. போலீஸ்காரரு இன்னும் நேரம் இருக்குதுன்னாரு. அவன் வேண்டாம்னு தலைய ஆட்டிட்டு உள்ள போயிட்டான்.

அதுக்கப்பறம் மனுப் போட்டா வர்றதில்லை. நான் போயி பேரைக் குடுத்துட்டு உக்காந்திருப்பேன். கூப்புடப் போனவரு திரும்பி வந்து, வரலைங்கறாரும்மா, முறுக்கை மட்டும் குடுத்துட்டுப் போங்கங்கறாரு. நானும் குடுத்துட்டு வந்துருவேன். திங்கறானா, வேற ஆருக்காச்சும் குடுத்துடறானா, ஒண்ணும் தெரியாது. இன்னைக்கு வந்தா அந்த ஒண்ணைத்தான் கேக்கோணும். கையெழுத்தைப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன். அன்னைக்கு எதைச் சொன்னே, எது மட்டும் இல்லைன்னான்னு கேக்கோணும். அதைத் தெரிஞ்சுக்காம எனக்குத் தூக்கமில்லை.

சிங்காநல்லூர் வந்துருச்சு. இங்க எறங்கி டவுன் பஸ்ஸு மாறோணும். கொஞ்சம் காலை ஒதுக்கிக்க, நான் எந்திரிச்சுக்கறேன். நீ படிச்ச புள்ளை, இத்தனை நேரம் கேட்டுட்டு வந்தே, உனக்காச்சும் தெரியுதா அவன் எதைச் சொன்னான்னு?

என்ன அம்முணி அப்படிப் பாக்கற? அவனும் அன்னைக்கு இப்படித்தான் பாத்தான்.